ஈயம் மடித்த விளிம்பு

முப்பதுகளின் நடுப்பகுதியில், கந்தப்பளைக்கு மேலே மூன்று மைல் ஏறிப் போகவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிப்பது என் வேலை. பலகைகளைப் பொருத்திப் பெட்டியாக்கி, உள்ளே ஈயத்தாளை வளைத்து மூலைகளைப் பற்றவைத்து, தூள் நிரப்பியபின் மேலேயும் ஈயத்தால் மூடி, பலகை அறைந்து, தோட்டத்தின் பெயரைக் கறுப்பு மையில் பதிப்பது வரை என் பொறுப்பு. உள்ளே ஈயம் இருந்தால் ஈரம் ஏறாது. கப்பலில் ஒரு மாதம் போனாலும் தூள் மொறமொறப்பாக இருக்கும். நான் அடித்த பெட்டி நமுத்துப் போனதாக ஒரு புகார்கூட வந்ததில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று எழுதியதைப் படித்தால் என் மனைவி சிரிப்பாள்.

அப்போது எங்கள் மகளுக்குப் பத்து மாதம். அவளுக்கு முன் பிறந்த ஒரு ஆண் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே சளி கட்டி இறந்துவிட்டான். அதனால் இவளுக்கு ஒரு தும்மல் வந்தாலே எங்கள் இருவருக்கும் சோறு இறங்காது. மனைவி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலையேறிவிடுவாள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப்போவதுதான் வழக்கம். ஆனால் அந்த வருடம் அங்கே கக்குவான் இருமல் பரவியிருந்தது. மகளை அங்கே விட எங்களுக்கு மனம் வரவில்லை.

வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருக்கும் எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் ஒரு அக்கா இருந்தார். மலைச்சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்தவர். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக அவரே சொன்னார். ஆனால் மகளோ தவழ்ந்து தவழ்ந்து அடுப்புப் பக்கம் போவாள், இல்லாவிட்டால் வாசலில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழப் பார்ப்பாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த அக்காவால் கத்தத்தான் முடியும், ஓடிப் பிடிக்க முடியாது.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. பலகை வெடித்த பெட்டி ஒன்று ஸ்டோரில் கிடந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மகள் உள்ளே நின்றால் விளிம்பு அவள் நெஞ்சளவுக்கு வரும்படி உயரத்தைக் குறைத்தேன். குளிர் ஏறாமலிருக்க உள்ளே நாலு பக்கமும் ஈயத்தாள் பதித்தேன். கடல் தாண்டிப் போகிற தூளையே நமுக்காமல் காக்கிற ஈயம் என் பிள்ளையைக் காக்காதா என்பது என் கணக்கு. வெள்ளைக்காரத் துரைமார் குடிக்கிற தேயிலையோடு சேர்ந்திருக்கிற பொருளில் கெடுதல் இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வெட்டிய விளிம்பு சிராயாக இருந்தது. பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கும்போது கையில் குத்திவிடக் கூடாதே என்று ஈயத்தாளை விளிம்புக்கு மேலே மடித்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி, கன்னத்தை வைத்துத் தேய்த்தாலும் உறுத்தாத அளவுக்கு வழவழப்பாக்கினேன். பளபளவென்று இருந்தது. மகள் அதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

லயமே வந்து வேடிக்கை பார்த்தது. கங்காணி வீட்டம்மா தன் பேரப்பிள்ளைக்கு ஒன்று கேட்டார். கடைசிக் காம்பராக்காரர் ஒன்று கேட்டார். இரண்டு பேருக்கும் ஈயம் மடித்து அதேபோலச் செய்துகொடுத்தேன். ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

மகளுக்கு அந்தப் பெட்டி ரொம்பப் பிடித்துப்போயிற்று. வெளியே தூக்கினால் அழுவாள், உள்ளே விட்டால் அடங்கிவிடுவாள். நாலைந்து மாதம் இப்படிப் போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவள் மாறிப்போனாள். சோறு ஊட்டினால் துப்பினாள். முகம் வெளுத்தது. வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். மூன்று நாள், நாலு நாள் வெளிக்குப் போகமாட்டாள். பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை நிற்காமல் உட்கார ஆரம்பித்தாள். எங்களைப் பார்த்துச் சிரிப்பதும் நின்றுபோயிற்று.

தோட்டத்து மருந்துக்கார ஐயா பூச்சி மருந்து கொடுத்தார். பூசாரி கயிறு கட்டினார். நான் திருநீறு போட்டேன், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன், பெட்டியைப் பார்த்துப் புகழ்ந்தவர்கள் எல்லாருடைய கண்ணையும் மனதுக்குள் திட்டினேன். அவ்வளவும் செய்துவிட்டு, பாவம் பிள்ளை அங்கேதான் அமைதியாக இருக்கிறாள் என்று மறுபடி அதே பெட்டிக்குள் விட்டேன்.

என் மாமனார் வீடு கினிகத்தேனைப் பக்கம். இது மாந்தம், இங்கே வயிற்றில் சூடு போடுகிற கைராசிக்காரர் ஒருவர் இருக்கிறார், உடனே கூட்டிவாருங்கள் என்று அங்கிருந்து சொல்லியனுப்பினார்கள். மஞ்சளைச் சுட்டு வயிற்றில் வைப்பார்களாம். மனைவிக்கு இஷ்டமில்லை. ஆனால் முதல் பிள்ளையை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டேயிருந்து பறிகொடுத்தோம் என்ற குறுகுறுப்பு எனக்கு உண்டு. இரண்டு நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, காலையில் கந்தப்பளையில் சின்ன ரயில் ஏறினோம். அந்தக் காலத்தில் ராகலையிலிருந்து கந்தப்பளை, நுவரெலியா வழியாக நானுஓயாவுக்கு ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நானுஓயாவில் பெரிய ரயில் பிடித்து ஹட்டன் போய், அங்கிருந்து கினிகத்தேனைக்கு பஸ்ஸில் போவதாகத் திட்டம்.

எதிர்ப் பலகையில் என் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, மடியில் துணிப்பை. மகள் மனைவியின் மடியில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த மனிதர் அவளையே பார்த்தார். அவள் வாயைத் திறந்து அழும்போதெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏற்கெனவே கண்ணு பட்ட பிள்ளை, இவர் வேறா? என்ன பார்க்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. பிள்ளையோட எகிறுல கறுப்பா ஒரு கோடு தெரியுது. அதத்தான் பாத்தேன்.”

அடுப்புக்கரியைத் தின்றிருப்பாள் என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ரயிலில் நாலு பேர் பார்க்க, தன் கீழுதட்டை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக் காட்டினார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில், நீலமும் கறுப்புமாக, பென்சிலால் கீறியதுபோல ஒரு கோடு.

“இது ஈயம் ஒடம்புல ஏறுனா வர்றது. நான் கண்டியில அச்சாபீசுல எழுத்துக் கோக்குறவன். எழுத்தெல்லாம் ஈயந்தானே. எங்கள்ல ஒருத்தருக்கு வயித்து நோவு வந்து, கை மணிக்கட்டோட தொங்கிப் போச்சு. அப்பத்தான் டாக்டர் வந்து எங்க எல்லாருக்கும் கண்ணாடியக் குடுத்து எகிறப் பாக்கச் சொன்னாரு.”

மனைவி மகளின் உதட்டை மெல்ல விலக்கினாள். இருந்தது அரை டஜன் பல்தான். அந்தப் பற்களின் அடியில் அதே கோடு.

அவர் என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். பெட்டிக்கு ஈயம் பற்றவைப்பதாகச் சொன்னேன். சொல்லும்போதே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்டோர் வேலை ஸ்டோரோடு சரி, வீட்டில் ஈயச் சாமான் எதுவும் கிடையாது என்று அடித்துச் சொன்னேன். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் பெட்டி எனக்கு நினைவுக்கே வரவில்லை. அது எனக்கு ஈயமாகத் தெரியவில்லை, என் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

அவர் என்னை விட்டுவிட்டு மனைவியிடம் கேட்டார், பிள்ளை எதை வாயில் வைக்கும் என்று. மனைவி மகளின் வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“பொட்டியோட ஓரத்தத்தான் கடிக்கும். காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் அதையே சப்பிக்கிட்டு நிக்கும்னு அக்கா சொல்லுவாங்க. பல்லு மொளைக்கிற பிள்ளை கடிக்காம என்னா பண்ணும்னு நானும் பேசாம இருந்துட்டேன்.”

சிராய் குத்தக் கூடாதென்று நான் தட்டித் தட்டி வழவழப்பாக்கிய விளிம்பு. அதை என் கையாலேயே அவள் வாய்க்கு நேரே நீட்டியிருக்கிறேன். சூடு போடப் போகிறோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மனைவிதான் சொன்னாள். அவர் பதறிவிட்டார். வயிற்றுக்கு மேலே சூடு போட்டால் உள்ளே இருக்கிற ஈயம் எங்கே போகும், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். நுவரெலியா ஸ்டேஷன் வந்தது. இறங்குவதா வேண்டாமா என்று நான் இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தேன். மாமனார் என்ன சொல்வார், பெரிய டாக்டரிடம் எந்தப் பாஷையில் பேசுவது என்று ஆயிரம் யோசனை. அந்த மனிதர் எங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கிவிட்டார். மனைவி பிள்ளையோடு அவர் பின்னால் இறங்கினாள். கடைசியாக இறங்கியது நான்தான்.

அவருடைய டிக்கெட் கண்டிக்கு. அன்று நானுஓயாவில் பிடிக்கவேண்டிய ரயிலை எங்களுக்காக விட்டுவிட்டார். மறுநாள் காலை வேலைக்குப் போயாக வேண்டியவர் என்பது பிற்பாடுதான் பேச்சில் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு எங்களோடு நடந்தே வந்தார். டாக்டரிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் விஷயத்தைச் சொல்லி, அங்கேயும் ஒருமுறை தன் உதட்டை இழுத்துக் காட்டினார்.

டாக்டர் மகளின் ஈறைப் பார்த்தார், கண் இமையைத் திருப்பிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என் கையை வாங்கி நகக்கண்களையும் பார்த்தார். இது ஈயந்தான், இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் மூளைக்கு ஏறி வலிப்பு வந்திருக்கும், இப்போது பயமில்லை, ஈயம் வாய்க்குப் போவது நின்றால் உடம்பு தானாகவே தேறும் என்று அவர் சொன்னதை ஒரு சிங்கள நர்ஸம்மா தமிழில் எங்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு என் மனைவியின் தோளைத் தொட்டார்.

“அழ வேணாம். பிள்ள நல்லாகும். பால் குடு, நெறைய பால் குடு.”

அழாதே என்று அவர் சொன்னது மனைவியிடம். அழுதுகொண்டிருந்தது நான். ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. பிள்ளை பிழைப்பாள் என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டேனே, அது போதும்.

அச்சாபீஸ்காரர் புறப்படுமுன் என்னைத் தனியாக அழைத்தார். வேலை செய்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள், சட்டையில் ஒட்டிய தூளும் பிள்ளை வாய்க்குத்தான் போகும், கையை மணலோ சவர்க்காரமோ போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, உடுப்பு மாற்றிவிட்டுத் தொடுங்கள் என்றார். அவருக்கும் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகளாம். ஆபீஸ் கிணற்றடியில் உடுப்பு மாற்றாமல் வீட்டுக்குப் போவதில்லையாம். பிறகு சரி அண்ணே என்று பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். பெயரைக் கேட்கவேண்டும் என்ற புத்திகூட எனக்கு வரவில்லை. காலையில் அவரிடம் எரிந்து விழுந்ததற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

மனைவியையும் மகளையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மத்தியான ரயிலில் கந்தப்பளை வந்து, மூச்சு வாங்க மலையேறினேன். நேரே பெட்டியிடம் போய்க் குனிந்து பார்த்தேன். விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் பல் தடம். ஒரு மூலையில் என் கட்டைவிரல் அகலத்துக்கு ஈயமே இல்லை, கீழே இருந்த பலகை தெரிந்தது. தினமும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் பிள்ளையைத் தூக்கியிருக்கிறேன். ஒருநாளாவது விளிம்பை உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதைப் பார்த்ததும்தான் மற்ற இரண்டு பெட்டிகளும் நினைவுக்கு வந்தன. புகழ்ச்சி கேட்க நடந்த வாசலுக்கே இப்போது இதைச் சொல்லப் போகவேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. சுத்தியலையும் குறடையும் எடுத்துக்கொண்டு முதலில் கங்காணி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா முதலில் நம்பவில்லை. நம்பியபின் சும்மா விடவில்லை.

“ஒன் பிள்ளைக்கு ஆகாததையா எங்க பிள்ளைக்கும் அடிச்சுக் குடுத்தே?”

தெரியாமல் செய்தேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு அவர் பேரனின் வாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நல்லவேளை, அவனுக்கு இப்போதுதான் இரண்டு பல் எட்டிப் பார்த்திருந்தது. ஈறு செக்கச்செவேலென்று இருந்தது. கடைசிக் காம்பராப் பிள்ளைக்குப் பல்லே இல்லை. பெட்டியை அவர்கள் வீட்டில் கிழங்கு போட்டு வைத்திருந்தார்கள்! அன்று காலையிலிருந்து எனக்கு வந்த முதல் சிரிப்பு அதுதான். அந்தக் கிழங்கையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு பெட்டியிலும், பிறகு எங்கள் பெட்டியிலும் இருந்த ஈயத்தைக் கடைசித் துணுக்கு வரை பிடுங்கினேன்.

கங்காணி வீட்டம்மா கேட்டார், குளிருக்கும் அடுப்புக்கும் இனி பிள்ளையை எங்கே வைப்பது என்று. நியாயமான கேள்விதான். அவர்களுக்கும் எங்கள் மகளுக்கும் புதுப் பலகையில் வேறு பெட்டி செய்து, விளிம்பை உளியால் உருட்டி, மழைக்கு நாங்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளியின் பழைய துண்டை மடித்துத் தைத்தேன். உள்ளேயும் கம்பளிதான். குளிரை அது ஈயத்தைவிட நன்றாகவே தடுத்தது. இது முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்கலாம், ஆனால் கம்பளி பளபளக்காதே.

அந்த நாளுக்குப் பிறகு ஸ்டோரிலிருந்து ஒரு நகத்தளவு ஈயம்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கிலுகிலுப்பை செய்யத் துணுக்கு எடுத்துப்போகிறவர்களையும் விடமாட்டேன், பின்னாலேயே போய்ப் பிடுங்குவேன். ஈயப் பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

மகள் ஒரு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. வந்ததும் பழைய இடத்தில் புதுப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே விட்டேன். எழுந்து நின்று, குனிந்து, விளிம்பைக் கடித்தாள். கம்பளி மயிர் வாயெல்லாம் ஒட்டிக்கொள்ள முகத்தைச் சுளித்துத் துப்பினாள். பிறகு என்னை ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல முறைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பழையபடி முறைத்ததைப் பார்த்து நானும் மனைவியும் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனோம். நடை தாமதமாக வந்தது, பேச்சு அதைவிடத் தாமதமாக வந்தது. வந்த பேச்சு இன்றுவரை நிற்கவில்லை.

இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவளே இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். போன வாரம் வந்து, அப்பா, எனக்குச் செஞ்ச மாதிரி இவனுக்கும் ஒரு பொட்டி செஞ்சு குடுங்க என்று கேட்டாள். எந்தப் பெட்டியைச் சொல்கிறாய் என்று கேட்டேன். கம்பளிப் பெட்டிதான் அவளுக்குத் தெரியும், மற்றதை நாங்கள் சொன்னதே இல்லை. அன்று உட்காரவைத்துச் சொன்னேன். சொல்லிமுடித்தபின் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

கண்டிக்குப் போகும்போதெல்லாம் அச்சாபீஸ் வாசல்களில் எட்டிப் பார்த்திருக்கிறேன், அந்த மனிதர் ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை. நான் எழுதுகிற இதையும் எங்கோ ஒருவர் ஈய எழுத்தாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கோக்கப்போகிறார். அது அவராகவே இருந்தால் என் மகள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும். வேறு யாராக இருந்தாலும், வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துக் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு போய், அதற்குப் பிறகு தன் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளட்டும்.